தராசுக்கும் பிரஷர்

காத்திவாக்கம் குப்பத்தில் மீன் கூறு போட வேண்டுமென்றால் கன்னியம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். படகில் போனவர்கள் பங்கு பிரிக்கும்போது கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே கைகலப்பு வரும். ஆனால் கன்னியம்மா மணலில் குந்தி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வைத்து, "எட்துக்கினு போங்கடா" என்று எழுந்துவிட்டால் அப்புறம் யாரும் வாய் திறப்பதில்லை. வாயைத் திறந்தால் அவளும் வாயைத் திறப்பாள் என்ற பயம் பாதி. மீதிப் பாதி அந்தக் கைமேல் இருந்த நம்பிக்கை. ஒரு கூறை ரகசியமாகத் தராசில் போட்டுப் பார்த்த ஆள் ஒருத்தர் உண்டு. பார்த்துவிட்டு, தான் பார்த்ததைக் கன்னியம்மாவிடம் சொல்லிவிடாதே என்று தராசுக்காரனைக் கெஞ்சியவரும் அவரேதான்.

அவளுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. குள்ளமான, கெட்டியான உடம்பு. விடியும்போதே காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் வந்து இறங்குவாள். தலையில் சும்மாடு, அதன்மேல் அன்னக்கூடை. கல்யாணமான புதிதில் ஏறிய கூடை அது. கூடைகள் மாறியிருக்கின்றன, தலை மாறவில்லை. கடலுக்குப் போகாத நாட்களில் அவள் புருஷன் வீட்டில் படுத்துக்கொண்டு தலைவலி என்பான். "உன் தலையில இன்னாய்யா கீது, வலிக்கறதுக்கு?" என்று கேட்பாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அவளுடைய வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் இருந்தது கடல்முத்து ரெசிடென்சி என்ற பதினோரு மாடிக் குடியிருப்பில். பழைய தொழிற்சாலை ஒன்றை இடித்துவிட்டுக் கட்டியது. பெயரில்தான் கடலும் முத்தும். பால்கனியில் நின்று பார்த்தால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பது தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் வாடகை கடலுக்கும் சேர்த்துத்தான்.

அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் திருமலை. துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது ராயபுரத்துச் சந்து ஒன்றில்தான், ஆனால் செயலாளர் ஆன நாளிலிருந்து மேடைத் தமிழ் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை என்று விரதம் எடுத்தவர் போல இருந்தார். காய்கறிக்காரனிடம்கூட "கத்தரிக்காயின் விலை என்னவென்று கூறுக" என்பார். அவன் பயந்துபோய்க் குறைத்துக் கொடுப்பான்.

பெரிய லிப்டில் மீனை ஏற்றக் கூடாது என்பது ஆரம்பத்திலிருந்தே சட்டம். அதனால் கன்னியம்மா படியேறித்தான் விற்றுக்கொண்டிருந்தாள். ஒருநாள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியது. கூடையை இறக்கிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் கூடையைக் காணோம். எட்டிப் பார்த்தாள். போய்க்கொண்டிருந்தது.

அந்தக் காட்சியை அவள் பிறகு குப்பத்தில் பலதடவை நடித்துக் காட்டியிருக்கிறாள். கூடை கவிழ்ந்து ஒரு சுறாவும், நாலைந்து சங்கராவும், நெத்திலி மொத்தமும் காற்றில் இறங்கின. சுறா கனம், அதுதான் முதலில் போய் விழும், நெத்திலி இலைபோல மெதுவாக வரும், அதற்குள் கீழே யாரையாவது விலகச் சொல்லிவிடலாம் என்று நினைத்து வாயைத் திறந்தாளாம். திறந்த வாயிலிருந்து சத்தம் வருவதற்குள் எல்லாம் சேர்ந்து ஒரே 'சொத்'. பெரியது, சின்னது என்று வித்தியாசமே இல்லை. விழுந்த இடம் திருமலை அப்போதுதான் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்த ஸ்கூட்டர். சுறா சீட்டில் உட்கார்ந்திருந்தது.

"நெத்திலியாச்சும் கொஞ்சம் தங்கி வரலாமில்ல சார், அதுக்குக்கூட அவுசரம்" என்றுதான் கன்னியம்மா மன்னிப்புக் கேட்டாள். திருமலை அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே சங்கம் கூடி, இனிமேல் மீன் கூடை பின்பக்கத்து சர்வீஸ் லிப்டில் மட்டும்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தது. குப்பையும் சிமெண்டும் ஏறி இறங்கும் பழைய லிப்ட் அது. கிளம்பும்போது ஒரு குலுக்கல், நிற்கும்போது ஒரு குலுக்கல்.

சங்கம் இன்னொரு விதியும் போட்டது. அதைப் போட வைத்தது ஐந்தாவது மாடி ஜெயஸ்ரீ. ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை, சுத்த சைவம். மீன் வாசம் தன் தளத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்றார். ஆகவே லிப்ட் கதவு திறந்திருக்கும்போது கூடையின் மூடியைத் திறக்கக் கூடாது. கதவு மூடிய பிறகுதான் மீனைக் கையில் எடுக்கலாம், நிறுக்கலாம், பேரம் பேசலாம்.

இப்படித்தான் கடல்முத்து ரெசிடென்சியில் ஓடும் மீன் கடை ஒன்று உண்டாயிற்று. கன்னியம்மா கீழிருந்து ஒவ்வொரு மாடியாக மேலே போவாள். வாங்க வேண்டியவர்கள் லிப்டுக்குள் ஏறுவார்கள். கதவு மூடும். மீனைக் கொக்கியில் மாட்டித் தூக்குவாள். லிப்ட் கிளம்பும். கடிகாரம்போல வட்ட முகம் வைத்த ஸ்பிரிங் தராசு அவளுடையது, அரசு முத்திரை குத்தியது. முள்ளை ஒரே ஒரு பார்வை, அவ்வளவுதான். மறுபடி பார்ப்பது கைக்கு அவமானம் என்பது அவள் கொள்கை. கூடினால் ஒரு மீனை எடுப்பாள், குறைந்தால் ஒரு மீனைப் போடுவாள். அடுத்த மாடியில் கதவு திறப்பதற்குள் பை கட்டி, மூடி போட்டாகிவிடும். ஏழாவது மாடி தீபன் எட்டாவது மாடியில் இறங்கிப் படி வழியாகத் திரும்புவான். உடற்பயிற்சிக்கு நல்லது என்பான். மேலே போய்ச் சேர்ந்ததும் பதினோராவது மாடி ரூபினா, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றக் கீழே வருகிறபோது கூடவே ஏறி வாங்கிக்கொள்வாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒன்றுதான் கன்னியம்மாவுக்கு உறுத்தல். கூடையைத் தலையில் வைத்தபடி லிப்டில் ஏறினால், கிளம்புகிற நேரத்தில் யாரோ கூடைக்குள் இன்னொரு மீனை எறிந்ததுபோலக் கழுத்தை அழுத்தியது. மேலே போய் நிற்கும்போது யாரோ அதை எடுத்துக்கொண்டதுபோல லேசானது. கூடையைத் தொட்டுப் பார்ப்பாள், மூடி மூடியபடிதான் இருக்கும். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனாள்.

"தல பாரமா கீது டாக்டர். அப்பால லேசாயிடுது."

"எப்ப பாரமா இருக்கு?"

"லிப்டு கெளம்பும்போது."

டாக்டர் அந்தக் கடைசி வார்த்தைகளைக் கேட்டதாகத் தெரியவில்லை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. ஒரு மாத்திரை எழுதினார். அன்றிலிருந்து கன்னியம்மா தனக்கு வந்திருப்பது லிப்ட் பிரஷர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாத்திரை போட்டும் அது நிற்கவில்லை. சில பேருக்கு அப்படித்தான் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

பிரச்சினையைக் கொண்டுவந்தது தீபனுடைய உடம்பு. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், திடீரென்று ஜிம்மில் சேர்ந்து, சாப்பிடுகிற ஒவ்வொரு வாயையும் எடை போட ஆரம்பித்தான். அதற்கென்று சமையலறைத் தராசு ஒன்று வாங்கினான். முட்டை, பாதாம், இறால் எல்லாம் அதில் ஏறி இறங்கின. கன்னியம்மாவிடம் வாங்கிய ஒரு கிலோ சங்கராவை வைத்தபோது தொள்ளாயிரத்துச் சொச்சம் காட்டியது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். போட்டோ எடுத்துக் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் போட்டு, 'மீனக்கா எடையில் விளையாடுகிறார்' என்று எழுதினான்.

ரூபினா அதைப் பார்த்துவிட்டுக் கன்னியம்மாவைக் காப்பாற்றத்தான் நினைத்தாள். தன் வீட்டிலிருந்த தராசில் அன்றைய மீனை வைத்துப் போட்டோ எடுத்துப் போட்டாள். ஒரு கிலோவுக்கு மேலே தாராளமாகவே காட்டியது. 'எனக்கு எப்பவும் அதிகம்தான் தராங்க, தங்கமான மனுஷி' என்று கீழே எழுதினாள். இதைவிட மோசமாக யாராலும் காட்டிக்கொடுத்திருக்க முடியாது. ஒருத்தர் மீனைத் திருடி இன்னொருத்தருக்குக் கொடுக்கிறாள் என்று இப்போது குழுவே பேச ஆரம்பித்தது.

திருமலை விசாரணை அறிவித்தார். 'மீன் எடை முறைகேடு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து வாயிற் கதவிலேயே ஒட்டினார். அந்தக் கதவு வழியாகத்தான் வேறு வீடுகளுக்கு வேலைக்கு வருகிற குப்பத்துப் பெண்களும் போய் வந்தார்கள். செய்தி கன்னியம்மாவுக்கு முன்பே காத்திவாக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் அவள் மணலில் கூறு போட்டு முடித்து எழுந்தபோது ஒருத்தன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு தபா தராசுல போட்டுப் பாத்துட்லாமா ஆயா?" என்றான். கையில் தராசை மறைத்து வைத்திருந்தான். கன்னியம்மாவுக்குக் கெட்ட வார்த்தை எதுவும் வரவில்லை. அதுதான் அங்கிருந்தவர்களுக்குப் பயமாக இருந்தது. "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கூறுகளைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். கூறு சரியாகத்தான் இருந்தது என்று பின்னாலிருந்து கத்தினார்கள். சரியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போட்டுப் பார்த்தார்களே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீட்டில் படுத்திருந்த புருஷனிடம் முதல்முறையாகத் தலை வலிக்கிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை. குடியிருப்பின் வரவேற்பறையில் கன்னியம்மாவின் தராசும் தீபனின் தராசும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒரு வவ்வால் மீனை இரண்டிலும் வைத்தார்கள். இரண்டும் ஒன்றையே சொல்லின. சங்கராவை வைத்தார்கள். அப்போதும் ஒன்றேதான். கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"பாத்தியா சார்? இன்னா சொல்ற இப்போ?"

திருமலை தொண்டையைச் செருமினார். "தராசில் பிழையில்லை என்பது ஐயமின்றி நிறுவப்பட்டுவிட்டது. தராசில் பிழையில்லையெனில், பிழை தராசைப் பிடித்த கையில்தான் இருக்க வேண்டும்."

கன்னியம்மாவுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. தராசு நல்லதாக இருக்க இருக்கத் தான் திருடியாகிக்கொண்டே போவது எந்த ஊர் நியாயம்?

"என் கையா? இந்தக் கையா?" என்று அதை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். மீன் கை. திருமலை இரண்டடி பின்வாங்கினார். "அப்ப நீயே பிடி சார். நான் எங்க நிறுக்கறேனோ அங்க வந்து நிறு. லிப்டுல ஏறு. உன் கையில தராசு, என் கை ரெண்டும் கூடையில. தப்புன்னு ஆச்சுன்னா இந்தக் கேட்டாண்ட மட்டும் இல்ல, காத்திவாக்கத்துலயே ஒருத்தன் வூட்டுக்கும் நான் மீன் கூறு போட மாட்டேன். போதுமா?"

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. குடியிருப்பின் வாசல் காவலர் சௌக்கத் அலி, தொண்டையார்பேட்டை ஆள், பல வருடமாக அவளுக்கு முதல் டீ வாங்கித் தருகிறவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சர்வீஸ் லிப்டில் திருமலை, தீபன், ரூபினா, இன்னும் வேடிக்கை பார்க்க இரண்டு மூன்று பேர் ஏறினார்கள். கூடையை இறக்க இடமில்லை, கன்னியம்மாவின் தலையிலேயே இருந்தது. கொக்கியில் தொங்கியது வரவேற்பறையில் சரியாக ஒரு கிலோ காட்டிய சங்கரா மீன்கள். திருமலை தராசைத் தேசியக் கொடி பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். கதவு மூடி லிப்ட் மேலே கிளம்பியது. கூடை அவள் கழுத்தை அழுத்தியது.

"சார், கூடுது!" என்றான் தீபன்.

முள் ஒரு கிலோவைத் தாண்டிப் போய் நின்றது. பிறகு பழைய இடத்துக்கு வந்தது.

எல்லாரும் தராசைப் பார்த்தார்கள், பிறகு தராசைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்கள்.

"இன்னா சார்," என்றாள் கன்னியம்மா, தேன் ஒழுகும் குரலில். "உன் கையும் சுத்தம் இல்லியே."

"நான் ஒன்றும் செய்யவில்லை!"

"நானும் அத்தத்தான் சார் ஒரு வாரமா சொல்லிக்கினு கீறேன்."

அதற்குள் அவளுக்கு வேறொன்று உறைத்தது. முள் ஏறியபோதுதான் கழுத்தும் அழுந்தியது. முள் இறங்கியபோதுதான் கழுத்து விட்டது. அவள் தராசை உற்றுப் பார்த்தாள். "அட இன்னாம்மா இது!" என்றாள் ரூபினாவிடம். "எனுக்கு மட்டும்னு நெனச்சேன். தராசுக்கும் பிரஷர் கீது!"

லிப்ட் ஐந்தாவது மாடியில் நின்றது. நிற்கும்போது முள் ஒரு கிலோவுக்குக் கீழே சறுக்கித் திரும்பியது. கூடையும் லேசாயிற்று. கதவு திறந்தது. வெளியே ஜெயஸ்ரீ, மொட்டை மாடியில் காயவைத்த வடகத்தை எடுக்கப் பாத்திரத்தோடு நின்றிருந்தார். பெரிய லிப்ட் அன்று பழுது. உள்ளே பார்த்தார், மீனைப் பார்த்தார், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். தாமதித்தால் வடகத்தைக் காக்கை தின்றுவிடும். ஏறிவிட்டார்.

லிப்ட் மறுபடி கிளம்பியது. ஏழையும் எட்டையும் தாண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. லிப்டின் பிரேக் சட்டென்று கடித்தது. எல்லாருடைய வயிறும் தொண்டைக்கு வந்தது. விளக்கு மங்கி முழுதாக அணைவதற்கு முந்தைய அந்தக் கண நேரத்தில் முள் ஒரேயடியாகக் கீழே பாய்ந்து பூஜ்யத்தைத் தொட்டதை அத்தனை பேரும் பார்த்தார்கள். கொக்கியில் மீன் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு எடைதான் இல்லை.

"அய்யோ நைனா! பூட்டோம்! கயிறு அந்துகிச்சுடா டேய்!" என்று இருட்டில் ஒரு குரல் அலறியது. சுத்தமான ராயபுரம். யாருடைய குரல் என்று தெரிந்தபோது எல்லாருக்கும் பயத்தை விட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

கன்னியம்மா மட்டும் சத்தமே போடவில்லை. அவள் கூடையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

தீபன் செல்போன் விளக்கைப் போட்டான். லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. சௌக்கத் அலி கீழிருந்து, ஜெனரேட்டரைப் போடப்போகிறேன், கொஞ்ச நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கத்தினார். பொறுத்துக்கொள்வதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? உள்ளே மீன் வாசம் நிறைந்துகொண்டிருந்தது.

"மீன் இருந்துச்சு, எடை இல்ல" என்றான் தீபன் பேய் அறைந்தவன்போல. "பூஜ்யம். நான் பார்த்தேன்."

"பிரஷர் டவுனாயிடுச்சு" என்றாள் கன்னியம்மா.

கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தார்கள். ஜெயஸ்ரீ சிரித்துக்கொண்டிருந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். ரூபினா ஆதியோடந்தமாகச் சொன்னாள். குழுவில் வருகிற எதையும் படிப்பதில்லை என்று சத்தத்தை அணைத்து வைத்திருந்தவர் ஜெயஸ்ரீ. கேட்கக் கேட்க அவர் கைக்குட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இருபது வருஷமா கரும்பலகையில இந்த லிப்டை ஏத்தி இறக்கியிருக்கேன்," என்றார். "அதுக்குள்ள ஒருத்தர் நிஜமாவே நின்னு மீன் நிறுப்பாங்கன்னு நினைக்கவே இல்ல. தராசு மீனோட எடையைச் சொல்லலம்மா. மீனைத் தாங்க எவ்வளவு இழுக்க வேண்டியிருக்குன்னுதான் சொல்லுது. லிப்ட் மேல கிளம்பும்போது மீனையும் சேர்த்துத் தூக்கணும், அதனால கூட இழுக்கணும். முள் கூடும், நீங்க ஒரு மீனை எடுத்துடுவீங்க. கீழ கிளம்பும்போது கொஞ்சம் விட்டுக் கொடுத்தாப் போதும், முள் குறையும், நீங்க இன்னொண்ணைப் போட்டுடுவீங்க."

"அப்ப என் கழுத்து?"

"உங்க கழுத்தும் ஒரு தராசுதான். இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறவங்களால, பூமி கூடுதலா இழுக்குதா, லிப்ட் நம்மளை மேல வேகமா தூக்குதான்னு பிரிச்சுச் சொல்லவே முடியாது. ரெண்டும் ஒரே மாதிரிதான் அழுத்தும். தராசால சொல்ல முடியாது. கழுத்தால முடியாது."

"டாக்டராலயும் முடில" என்றாள் கன்னியம்மா.

ஜெயஸ்ரீக்கு வகுப்பு எடுக்கிற வேகம் வந்துவிட்டது. "இன்னும் சுவாரசியமானது என்னன்னா, இந்தக் கயிறு அறுந்து லிப்ட் அப்படியே விழுதுன்னு வச்சுக்கோங்க..."

"வேணாம் மேடம்" என்றார் திருமலை.

"ஒரு பேச்சுக்குத்தான்."

"பேச்சுக்குக்கூட வேணாம் மேடம், கையெடுத்துக் கும்பிடறேன்."

"விழுந்தா எல்லாம் ஒரே மாதிரி வேகம் எடுத்துதான் விழும். லிப்ட், நாம, கூடை, கூடைக்குள்ள எல்லாம். கூடையும் தலையும் சேர்ந்தே விழறதால கூடை தலையை அழுத்தாது. எடைன்னு ஒண்ணே தெரியாது. இப்ப லிப்ட் சட்டுனு நின்னப்ப அதுல ஒரு துளியைத்தான் பார்த்தோம்."

"பெரிய மீன் முன்னாடி விழாதா?" என்றான் தீபன்.

"வுழாது," என்றாள் கன்னியம்மா. "செகரெட்டரி சார் ஸ்கூட்டராண்ட கேளு."

இருட்டில் எல்லாரும் சிரித்தார்கள், திருமலையைத் தவிர. பிறகு ஜெயஸ்ரீ ஏதோ யோசித்துவிட்டு, "ஆனா லிப்ட் சும்மா நிக்கும்போது நிறுத்தா ஒரு தப்பும் வராதே. கதவு மூடினப்புறம்தான் நிறுக்கணும்னு எந்தப் புத்திசாலி விதி போட்டது?" என்று கேட்டார்.

திருமலை செல்போன் விளக்கில் தன் செருப்பைப் பார்த்தார்.

"நீங்கதான் டீச்சரம்மா" என்றாள் கன்னியம்மா. குத்திக் காட்டுகிற குரலில் சொல்லவில்லை. ஜெயஸ்ரீ கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதன்பிறகு அன்று அதை எடுக்கவே இல்லை.

ஜெனரேட்டர் உறுமி லிப்ட் மேலே நகர்ந்தது. திருமலை தன் மேடைத் தமிழைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, "கன்னியம்மாள் அவர்களின் கை மாசற்றது என்று சங்கம் தீர்மானிக்கிறது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, யாருக்கும் கேட்காத மாதிரி, "மன்னிச்சுக்கோம்மா, மெய்யாலுமே தெரியாம பண்ட்டேன்" என்றும் சொன்னார். இரண்டாவதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. கேட்டிலிருந்த நோட்டீஸை அவரையே கிழிக்க வைத்து, அதே இடத்தில் கன்னியம்மா மேல் தப்பில்லை என்று பெயர் போட்டுப் புது நோட்டீஸ் ஒட்ட வைத்த பிறகுதான் அவள் கூடையைத் தூக்கினாள். தீபன் குழுவில் மன்னிப்பு எழுதினான்.

ஆனால் கன்னியம்மாவுக்கு ஒன்று நெஞ்சை விட்டுப் போகவில்லை. கை சுத்தம்தான். ஆனாலும் மேலே போனவர்களின் மீன் கீழே வந்தவர்களின் பைக்குள் போயிருக்கிறது. கூறு தப்பிவிட்டது. இதை ரூபினாவிடம் சொன்னபோது, "எனக்கு வந்ததுதானே, நானே கொடுத்திடறேன் அக்கா" என்று அவள் ஒரு பெரிய சட்டி நிறைய மீன் குழம்பு வைத்துத் தீபன் வீட்டுக்கு அனுப்பினாள். அதில் எத்தனை கிராம் இருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை. சட்டியைக் கழுவாமலே திருப்பிக் கொடுக்கலாம்போல அத்தனை சுத்தமாக வழித்திருந்தான்.

காத்திவாக்கத்தில் அந்தத் தலையைச் சொறிந்தவன் மறுநாளே தராசைக் கடலில் எறிந்துவிட்டேன் என்று வந்து சொன்னான். பொய் என்று அவளுக்குத் தெரியும், தராசு யாருடையது என்றும் தெரியும். இருந்தாலும் மணலில் குந்தினாள்.

இப்போது காவலர் அறைக்குப் பக்கத்தில், அசையாத தரையில், கன்னியம்மாவுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் கீழே வந்து வாங்கிக்கொள்கிறார்கள். லிப்டில் ஏற வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை.

ஆனாலும் காலையில் வந்ததும், கூடையை இறக்குவதற்கு முன்னால், முழுக் கூடையோடு சர்வீஸ் லிப்டில் தனியாக ஏறி மேலே போய்விட்டு வருகிறாள். சௌக்கத் அலி நெடுநாள் கேட்காமல் இருந்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"மேல யாரும் வாங்கறதில்லயே. எதுக்கு அவ்ளோ கனத்தத் தூக்கிக்கினு போறே?"

கன்னியம்மா சும்மாட்டைச் சரி செய்துகொண்டாள்.

"அன்னிக்கு கரண்டு போச்சில்ல பாய். அப்ப ஒரு நிமிசம் கூடையே இல்ல. தலையில ஒண்ணுமே இல்ல. கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து அன்னிக்குத்தான். செகரெட்டரி சாரு கத்திக்கினு கீறாரு, எனுக்கு இன்னா தோணுச்சு தெரியுமா? இன்னும் கொஞ்சம் வுழக்கூடாதான்னு." அவள் சிரித்தாள், கண் சிரிக்கவில்லை. "தெனம் அவ்ளோ வராது. மேல போயி நிக்கும்போது கொஞ்சூண்டு வருது. அது போதும்."

பொத்தானை அழுத்தினாள். கதவு மூடத் தொடங்கியது. பிறகு என்ன நினைத்தாளோ, கையை விட்டுத் தடுத்துத் தலையை வெளியே நீட்டினாள்.

"பாய், அந்த மெயின் சுச்சு உன் ரூம்லதானே கீது?"

"ஆமா?"

"ஒம்போதாவது மாடி தாண்டும்போது ஒரே ஒரு தபா அணைச்சுப் போடேன்."